உஷார்! அந்த ஸ்டீல் பைப்பின் நுனியைப் பார்த்தீர்களா?

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போங்கள். கீசருக்குக் கீழே நெளிநெளியாக, பளபளவென்று இரண்டு ஸ்டீல் பைப் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி, ஆக மொத்தம் நாலு நட்டு. நாலையும் சுற்றி அந்தப் பேப்பரால் ஒற்றி எடுங்கள். ஈரம் பட்டாலோ, நட்டின் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தாலோ இன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

என் வீட்டில் அந்த உப்பு மூன்று மாதமாகப் பூத்துக் கிடந்தது. தினமும் பார்த்தேன். துணியால் துடைக்கவும் துடைத்தேன்! ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். “சார், எங்க சுவிட்ச் போர்டுக்குள்ள இருந்து தண்ணி வருது.” சுவிட்ச் போர்டுக்குள் இருந்து! நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் ஆகிவிடும். அத்தனையும் டைல்ஸ் சந்தில் இறங்கி, கான்க்ரீட்டில் ஊறி, கரண்ட் ஒயர் போகிற குழாய் வழியாகவே கீழே இறங்கியிருந்தது. அவர் வீட்டில் கசிவு மின்சாரத்தைக் கண்டு அணைக்கும் பிரேக்கர் இருந்ததால் பிழைத்தோம்.

பைப்பில் ஓட்டை எதுவும் இல்லை. நுனிதான் கசிந்தது. முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான் என்றார் வந்த பிளம்பர். அவர் சொன்ன கணக்கு எப்படியோ, காரணம் மட்டும் புரிகிறது.

இந்த நெளிபைப்பின் தகடு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால்தான் கையால் வளைக்க முடிகிறது. அவ்வளவு மெல்லிய தகட்டில் மரை வெட்ட முடியாது. ஆகவே நுனியில் ஒரு வித்தை செய்கிறார்கள். நெளிவுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் பைப்பை நேராக வெட்டி, நட்டை உள்ளே நுழைத்து, கடைசிப் பள்ளத்தில் ஒரு பிளவு வளையத்தை மாட்டி, நுனி நெளிவை அமுக்கித் தட்டையாக்குகிறார்கள். தட்டையான அந்த வட்ட விளிம்புக்கும் கீசர் நிப்பிளுக்கும் நடுவில் ஒரு வாஷர். நட்டு செய்வதெல்லாம் இரண்டையும் வாஷர்மேல் அழுத்திப் பிடிப்பதுதான். தண்ணீரைத் தடுப்பது வாஷர். மரைக்கு அதில் பங்கே இல்லை.

இது தெரியாமல்தான் இந்த நட்டுக்கும் டெஃப்ளான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறார்கள். சுவரில் பதியும் ஆங்கிள் காக்குக்கு டேப் வேண்டும். அங்கே அடைப்பது மரை. இந்த நட்டில் டேப் சுற்றினால், மரை நடுவழியிலேயே இறுகி நிற்கும். இறுகிவிட்டது என்று கை நினைக்கும். வாஷரோ இன்னும் தளர்வாக இருக்கும். ஆக்ஸா பிளேடால் கோணலாக அறுத்த நுனி இன்னும் மோசம். ஓரத்துப் பிசிறு கத்திபோல வாஷரை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும்.

இனி, “இன்னும் ஒரு முறுக்கு போட்டா நின்னுடும் சார்” என்ற வசனத்துக்கு வருவோம். நான் பயப்படுவது இதற்குத்தான். கையால் இறுக்கி, அதன்மேல் ஸ்பேனரில் கால் சுற்று, மிஞ்சிப்போனால் அரைச் சுற்று. அதற்குமேல் போனால் வாஷர் நசுங்கி உள்பக்கம் பிதுங்கும். தட்டை விளிம்பு வெடிக்கும். ஒரே ஸ்பேனரால் முறுக்கும்போது பைப்பும் சேர்ந்து திருகிக்கொள்ளும். நெளிபைப் வளைவதற்கென்றே செய்தது. திருகலை அதனால் தாங்க முடியாது. திருகிய நிலையில் மாட்டினால் நுனியை ஒட்டிய முதல் நெளிவில்தான் மயிரிழை விரிசல் தொடங்கும். அதனால் இரண்டு ஸ்பேனர்: ஒன்று பிடிக்க, ஒன்று முறுக்க. நட்டை ஒட்டினாற்போல மடக்கவும் கூடாது. கொஞ்ச தூரம் நேராக விட்டுத்தான் வளைக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் நீளமான பைப் வாங்குங்கள். இருப்பதை வைத்து இழுத்துக் கட்டாதீர்கள்.

கடையில் இன்னொரு ஏமாற்று உண்டு. “304 ஸ்டீல் சார், காந்தம் ஒட்டாது பாருங்க” என்று காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். விலை மலிவான 202 ஸ்டீலிலும் காந்தம் சரியாக ஒட்டாது. நல்ல 304-ஐயே நெளிவாக அழுத்தி உருவாக்கும்போது லேசாகக் காந்தம் பிடிக்கவும் செய்யலாம். ஆகவே காந்தச் சோதனை கண்துடைப்பு. அசல் 304-ஆகவே இருந்தாலும், உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் சூடாக உள்ளே நிற்கும்போது அதிலுள்ள குளோரைடு ஸ்டீலை விரிசல் விட வைக்கும். அதுவும் இழுவிசை அதிகமுள்ள இடத்தில், அதாவது நாம் அமுக்கி முறுக்கிய அதே நுனியில். கரையோர ஊர்க்காரர்களும், போர் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்குமாடிக்காரர்களும் சூடுதண்ணி பைப்பை மட்டுமாவது சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சம்பவம். 2002 ஆகஸ்ட் 14, மிசௌரி மாநிலத்தின் ஃபெஸ்டஸ் ஊரில், ரயில் டாங்கரிலிருந்து குளோரின் இறக்கிக்கொண்டிருந்த ஹோஸ் கிழிந்தது. அது நெளிபைப் இல்லை. டெஃப்ளான் குழாய்மேல் உலோகப் பின்னல் போட்டது. பின்னல் ஹாஸ்டெல்லாய் என்ற உலோகத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 316 எல் ஸ்டீல். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குளோரின் அந்த ஸ்டீலை அரித்துத் தின்றுவிட்டது. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 21 டன்னுக்கு மேல் குளோரின் வெளியேறியது.

அது தொழிற்சாலை, நமக்கென்ன என்கிறீர்களா? எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வாருங்கள். போன மாதம் அடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் வழியில் பளபளவென்று ஒரு நெளிபைப். கீசருக்குப் போடுகிற அதே பைப்! “ரப்பர் டியூப்ப எலி கடிக்குது சார். இது ஸ்டீலு, எலியால என்ன பண்ண முடியும்?” என்றார் கடைக்கார அண்ணன். எலி விஷயத்தில் அவர் சொன்னது சரி. நுனியில் இருக்கிற வாஷர்தான் அங்கே வினை. தண்ணீர் பைப்பில் வருவது பெரும்பாலும் இபிடிஎம் என்னும் ரப்பர். சூடுதண்ணீருக்கு அதுபோல ஒன்று கிடையாது. ஆனால் எண்ணெய், பெட்ரோலிய வகையறா பட்டால் ஊதிக் குழைந்துவிடும். கேஸுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

தண்ணீர் கசிந்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து தட்டுவார். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; தரையோடு தரையாகப் பரவி மூலையில் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். பிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது தெறிக்கிற சின்னப் பொறி அதற்குத் தாராளம். வாசனை காட்டிக்கொடுக்குமே என்றால், அதே இடத்தில் நாளெல்லாம் நிற்பவர் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். வெளியிலிருந்து வந்த எனக்கு வாசலிலேயே அடித்தது, அண்ணனுக்கு அடிக்கவில்லை.

அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, காற்றாட விட்டோம். வாசனை போன பிறகு, அடுப்பைப் பற்றவைக்காமல் சிலிண்டரை மட்டும் லேசாகத் திறந்து, சோப்புத் தண்ணீரைத் தொட்டு நட்டைச் சுற்றித் தடவினேன். (தீக்குச்சி கிழித்துச் சோதிக்கிற மகானுபாவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.) குமிழ் ஒன்று கிளம்பியது, பின்னாலேயே இன்னொன்று. சிலிண்டரை மறுபடி மூடிவிட்டு 1906-க்குப் போன் போட்டோம். கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண் அது. உங்கள் வீட்டில் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், வெளியே போய் நின்று அழையுங்கள்.

“ஒரு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே” என்றார் அண்ணன், பாதி நம்பிக்கையில். வந்த மெக்கானிக் பைப்பைக் கழற்றி வாஷரை நெம்பி அவர் உள்ளங்கையில் வைத்தார். பிசுபிசுவென்று உப்பியிருந்தது. அண்ணன் அதைத் திரும்ப நட்டுக்குள் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை.