உள்ளே வந்த வாயிலோன்

பிறந்த எலிக்குஞ்சு கண் திறக்கப் பன்னிரண்டு முதல் பதினான்கு நாட்கள் வரை ஆகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி மாண்டால்சினி அம்மையாருடன் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்து வந்த ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைக் குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவை ஏழாம் நாளிலேயே விழித்துக்கொண்டதைக் கண்டார். தாம் தேடாத அந்த விளைவை அற்பமென்று ஒதுக்கிவிடாமல் அதன் காரணத்தைப் பின்தொடர்ந்து சென்று, 1962-இல் அவர் பிரித்தெடுத்துக் காட்டிய சிறு புரதமே இன்று மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று வழங்குகிறது. 1986-இல் நோபல் பரிசு இருவரையும் சேர்ந்தே அடைந்தது.

இக்காரணி கொணரும் செய்தியை வாங்கிக்கொள்ள, உயிரணுவின் சவ்வில் ஓர் ஏற்பி நிற்கிறது. 1,186 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. 621 வெளியே நீண்டும், 542 உள்ளே தொங்கியும், இடைப்பட்ட 23 மட்டும் சவ்வின் கொழுப்பில் அழுந்தியும் இருக்கும். செய்தி வந்து தொட்டதும் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ள, அந்த அடையாளத்தைக் கண்டு உள்ளிருக்கும் புரதங்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியை உட்கருவுக்குக் கொண்டு செல்கின்றன. அரண்மனை வாயிலோன் தன் இடத்தை விட்டு அசையாமல், ஏவலர் வழியாகவே மன்னனுக்குச் சேதி சொல்லியனுப்பும் முறை இது. பாடநூல்கள் நெடுங்காலம் இவ்வாறே சொல்லின. அது பிழையுமன்று, பெரும்பாலான செய்திகள் இன்றும் அவ்வழியேதான் செல்கின்றன.

ஆயினும் 2001-இல், ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் மியென்-சீ ஹங் என்பவரின் குழுவினர், வாயிலோனையே மன்னனின் மந்திர மண்டபத்தில் கண்டதாக அறிவித்தார்கள். உயிரணு பிரிந்து பெருகுவதைத் தூண்டும் சைக்ளின் டி1 மரபணுவை ஆளும் டி.என்.ஏ. பகுதியில் அந்த ஏற்பி அமர்ந்திருந்தது. அறிஞர் பலர் ஐயுற்றனர்; அந்த ஐயம் முற்றிலும் நியாயமானதென்றே நான் கருதுகிறேன். கொழுப்பை விரும்பி நீரை வெறுக்கும் அந்த 23 அமிலங்களைச் சுமந்துகொண்டு, நீர்மயமான உயிரணுவின் உட்புறத்தை ஒரு புரதம் எவ்வாறு கடக்கும்?

இந்த ஏற்பிக் குடும்பத்தின் நான்காம் உறுப்பினருக்கு அந்தச் சங்கடம் இல்லை. நொதிகள் அதைச் சவ்வருகே கத்தரித்துவிட, உட்பாதி மட்டும் விடுபட்டு உட்கருவை அடைகிறது. நம் ஏற்பியோ முழு உருவத்துடனேயே போகிறது. சவ்வு உட்குழிந்து ஒரு பையாகி அதை விழுங்க, அந்தப் பை கால்ஜி உறுப்பையும், பின் எண்டோபிளாச வலையையும் சென்றடைகிறது. புதிய புரதங்களைச் சவ்வில் பதிக்கும் செக்61 என்னும் வாயிலின் துணையால் ஏற்பி கொழுப்பிலிருந்து விடுபடுகிறதென்பது ஹங் குழுவினரின் விளக்கம். ஏற்பியில் சவ்வை ஒட்டிய உட்பகுதியிலே, உட்கருவுக்குரிய முகவரி போல ஒரு சிறு தொடர் அமைந்திருக்கிறது. அதை இம்போர்ட்டின் என்னும் புரதம் பற்றிக்கொண்டு உட்கருத் துளை வழியே அழைத்துச் செல்கிறது.

நோயாளியின் பக்கம் நின்று நோக்கினால் இவ்விஷயத்தின் கனம் புரியும். புற்றணுவை அழிக்கச் செலுத்தும் கதிர்வீச்சினால் டி.என்.ஏ. அறுபடும்போது இந்த ஏற்பி உட்கருவுக்குள் விரைந்து, அறுந்த இழைகளைச் செப்பனிடும் நொதிக்கு ஊக்கமளிப்பதை ஆய்வுக்கூட அணுக்களில் கண்டிருக்கிறார்கள். அழிய வேண்டிய புற்றணு பிழைக்க அது வழிசெய்கிறது. செடுக்ஸிமாப் என்னும் மருந்து ஏற்பியின் வெளிப்பகுதியைப் பற்றித் தடுப்பது. அம்மருந்திலேயே நெடுநாள் வளர்ந்து அதற்கு அடங்காமற்போன புற்றணுக்களைச் சோதித்தபோது, உட்கருவில் ஏற்பி மிகுந்திருந்தது. அதை உள்ளே செலுத்தும் ஸார்க் குடும்ப நொதிகளைத் தஸாட்டினிப் என்னும் வேறொரு மருந்தால் அடக்கியதும், ஏற்பி உட்கருவில் குறைந்து சவ்வில் பெருகியது. செடுக்ஸிமாபுக்கு அந்த அணுக்கள் மீண்டும் அடங்கின.