‘வேண்டாம்’ என்றாலும் ஏன் வருகிறது?

பக்கத்தின் தலைப்பகுதியில் பொருளடக்கத்துக்கு நேராக ‘ஃபால்ஸ்’, அதாவது வேண்டாம் என்று எழுதியாகிவிட்டது. ஆனால் தளத்தைத் தயாரித்துப் பார்த்தால் அதே பக்கத்தில் பொருளடக்கம் வந்து நிற்கிறது. ஜெக்கிலில் தளம் அமைப்பவர்கள் பலர் இதில் திணறியிருப்பார்கள். பெரும்பாலும் எழுதியவர் மீது தவறில்லை. பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட் அந்த மதிப்பைச் சோதிக்கும் முறையில்தான் சிக்கல்.

ஜெக்கில் ஒரு ஸ்டாட்டிக் தளக் கருவி; அதாவது பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிடுவது. 2008-ல் கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் ஜெக்கிலை வெளியிட்டார். 2013-ல் ஸ்டீவ் ஃபிரான்சியாவின் ஹியூகோ வந்தது. இரண்டிலும் தலைப்பு, தேதி, படம் போன்ற விவரங்களைக் கோப்பின் தொடக்கத்தில் எழுத, டெம்ப்ளேட் அவற்றை மாறிகளாக எடுத்துக்கொள்ளும்.

ஒரு மாறி எழுதப்படாமலே விடுபட்டிருக்கலாம். எழுதியும் காலியாக இருக்கலாம். அல்லது ‘வேண்டாம்’ என்று தெளிவாக மறுத்திருக்கலாம். இந்த மூன்றும் வெவ்வேறு என்பதை மறக்கும்போதுதான் பிழை நுழைகிறது.

ஜெக்கில் பயன்படுத்துவது ஷாப்பிஃபையில் உருவான லிக்விட் மொழி. அதன் ‘இஃப்’ சோதனையில் ‘நில்’ (மதிப்பே இல்லை), ‘ஃபால்ஸ்’ இரண்டுக்கு மட்டுமே கதவு மூடும். வெற்று மேற்கோள்குறியும் சரி, 0-வும் சரி, உள்ளே போய்விடும். படத்தின் முகவரியை வெற்று மேற்கோளாக விட்டால், படம் இல்லாமலே படத்துக்கான குறி பக்கத்தில் ஏறும். ஹியூகோவின் அடிப்படையான கோ மொழி டெம்ப்ளேட்டிலோ வெற்றுச் சொல், 0, காலிப் பட்டியல் எல்லாமே ‘இல்லை’ கணக்கில் சேரும். ஒன்றுக்கு எழுதிய ‘தீம்’ எனும் தள வடிவமைப்பை மற்றொன்றுக்கு மாற்றும்போது இது காலை வாரும்.

மாற்று மதிப்பு தரும் ‘டீஃபால்ட்’ இன்னும் கவனத்துக்குரியது. லிக்விடில் அது ‘ஃபால்ஸ்’ என்பதையும் விடுபட்டதாகவே எடுத்துக்கொண்டு, தன் மதிப்பைத் திணித்துவிடும். தொடக்கத்தில் சொன்ன பொருளடக்கம் வந்தது இப்படித்தான். இதற்கு விலக்கு கேட்கும் வசதி லிக்விட் 5-ல் வந்துவிட்டது. ஆனால் ஜெக்கில் 4 ஓடுவது லிக்விட் 4-ல். எனவே முதலில் மதிப்பு கொடுக்கும் ‘அசைன்’ மூலம் மாறிக்கு ‘ட்ரூ’, அதாவது வேண்டும் என்று கொடுத்துவிட்டு, பக்கத்தின் மதிப்பு ‘ஃபால்ஸ்’தானா என்று நேரடியாக ஒப்பிட்டு மாற்ற வேண்டும். ஹியூகோவின் ‘டீஃபால்ட்’ பக்கம் சொன்ன ‘ஃபால்ஸ்’ஐ மதிக்கிறது. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. மறுப்பும் எழுதியவர் எடுத்த முடிவுதான். ஆனால் அதே ஹியூகோவில் ‘ஆர்’ (அல்லது) போட்டுப் பக்கத்தின் மதிப்பையும் தளத்தின் பொது மதிப்பையும் சேர்த்துக் கேட்டால், தளம் சொன்ன ‘ட்ரூ’ ஜெயித்துவிடும்.

மதிப்பு கொடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஹியூகோவில் := புதிய மாறியை உருவாக்கும்; = இருக்கும் மாறியை மாற்றும். ‘இஃப்’ பகுதிக்குள் := போட்டால் அதே பெயரில் வேறொரு மாறி பிறந்து, அந்தப் பகுதி முடிந்ததும் மறைந்துவிடும்; வெளியே பழைய மதிப்பே நிற்கும். 2018-ல் கோ 1.11 வரும்வரை டெம்ப்ளேட்டில் = கிடையாது; ‘ஸ்கிராட்ச்’ என்ற சுற்றுவழிதான். ஜெக்கிலில் நேர்மாறு. பக்கங்களுக்குள் சேர்க்கும் ‘இன்க்ளூட்’ கோப்புக்குள் ‘அசைன்’ செய்தது அதை அழைத்த பக்கத்திலும் தங்கிவிடும். பொதுவான பெயர்களை அங்கே தவிர்ப்பது நல்லது.

தீம் எழுதி வெளியிடுவோருக்கு ஒரு வேண்டுகோள். விவரம் விடுபட்ட பக்கம், வெற்று மேற்கோள் உள்ள பக்கம், ‘ஃபால்ஸ்’ எழுதிய பக்கம் என மூன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறர் கையில் கொடுங்கள்.