சரக்கு வள்ளம் படகு இல்லமாகும்போது

சரக்கு ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட ஊர்தியை மனிதர் தங்கும் இடமாக மாற்றியமைப்பது உலகின் பல பகுதிகளில் காணப்படும் வழக்கமாகும். மூடிய சரக்கு இழுவண்டிக்குள் படுக்கையும் அடுப்பும் பொருத்தி, அதனை எளிய பயண வீடாக்கிக் கொள்வோர் மேலை நாடுகளில் பலர் உள்ளனர். நம் நாட்டில் இத்தகைய மாற்றத்திற்குச் சிறந்த சான்று சாலையில் அன்று, நீரில் கிடைக்கிறது. கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் ஒரு காலத்தில் நெல்லும் தேங்காயும் சுமந்து சென்ற கெட்டுவள்ளங்கள், 1990-களின் தொடக்கம் முதல் சுற்றுலாப் பயணிகள் இரவு தங்கும் படகு இல்லங்களாக உருமாறின.

ஊர்தி ஒன்றே, அது சுமக்கும் பொருள் மட்டுமே மாறுகிறது என்று மேலோட்டமாகப் பார்ப்போருக்குத் தோன்றக்கூடும். உண்மை அதுவன்று. நெல் மூட்டை இடம்விட்டு நகர்வதில்லை, மூச்சு விடுவதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை, கழிவை உண்டாக்குவதும் இல்லை. மனிதர் இவை அனைத்தையும் செய்கின்றனர். ஆகவே, சரக்கு ஊர்தியை வாழிடமாக்கும்போது எடை, நெருப்பு, கழிவு என்னும் மூன்று புதிய கேள்விகள் எழுகின்றன. இம்மூன்றிற்கும் முறையான விடை காணாமல் செய்யப்படும் மாற்றம், எவ்வளவு அழகாக இருப்பினும், பாதுகாப்பானதாகாது.

வள்ளத்தின் அமைப்பு

மலையாளத்தில் 'கெட்டு' என்பது தமிழின் 'கட்டு' என்னும் சொல்லே ஆகும். கட்டப்பட்ட வள்ளம் கெட்டுவள்ளம். பெயருக்கேற்ப, இதன் பலகைகள் ஆணியால் இணைக்கப்படுவதில்லை. அயினிப்பலா மரத்திலிருந்து அறுக்கப்பட்ட நீண்ட பலகைகள் விளிம்போடு விளிம்பு சேர்த்து நிறுத்தப்படுகின்றன. விளிம்பின் ஓரமாகத் துளைகள் இடப்பட்டு, இணைப்பின் மீது தேங்காய் நார்ப் பொதி வைத்து, கயிற்றால் இறுகத் தைக்கப்படுகிறது. பின்னர்த் துளைகள் அடைக்கப்பட்டு, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் பூசப்படுகிறது. இந்தப் பூச்சு மரத்தைப் பூச்சிகளிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கிறது. வள்ளத்தின் கருநிறத்திற்கும் இதுவே காரணம்.

இம்முறை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தக்க காரணங்கள் உண்டு. உவர்நீரில் இரும்பு ஆணி துருப்பிடித்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். கயிற்றுத் தையலோ ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும். பழுதடைந்த பலகையை மட்டும் தையல் பிரித்து அகற்றிப் புதிய பலகையைச் சேர்க்கவும் இயலும். தையலை அவ்வப்போது புதுப்பித்து வந்தால் ஒரே வள்ளம் பல பத்தாண்டுகள் உழைக்கும்.

பெரிய கெட்டுவள்ளம் ஒன்று ஏறத்தாழ 20 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்டது. சுமார் 30 டன் வரை சரக்கு ஏற்றவல்லது. நீண்ட கழிகளை ஊன்றியும், காற்று வாய்த்தபோது பாய் விரித்தும் இதனைச் செலுத்தினர். கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 2 மீட்டர் வரை தாழ்ந்துள்ள வயல்களைக் கொண்ட குட்டநாட்டிலிருந்து நெல்லும், தேங்காயும், கயிறும், நறுமணப் பொருள்களும் இவற்றில் கொச்சித் துறைமுகத்தை அடைந்தன. வள்ளத்தின் ஒரு பகுதியில் வளைவான கூரை உண்டு. அதன் கீழ் ஓட்டுநர் இரண்டு மூவர் சமைத்து உண்டு உறங்கினர். வள்ளத்தில் மனிதர் தங்குவது முற்றிலும் புதிய செய்தியன்று என்பது இதனால் விளங்கும்.

தொழில் நலிவும் புதுப் பயனும்

சாலைகளும் பாலங்களும் பெருகியபோது நீர்வழிப் போக்குவரத்து நலிவுற்றது. வள்ளம் பல நாள்களில் கடந்த தொலைவைச் சரக்குந்து சில மணி நேரத்தில் கடந்தது. வேலையிழந்த வள்ளங்கள் கரையோரங்களில் கிடந்து மட்கத் தொடங்கின. பலகை தைக்கும் கைவினைஞரின் தொழிலும் அவற்றோடு மறையும் நிலை ஏற்பட்டது.

இந்நிலையில்தான், பழைய வள்ளங்களின் மீது அறைகள் அமைத்துச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தும் முயற்சி தொடங்கியது. வள்ளம் கட்டுவோர், மூங்கில் பாய் முடைவோர், கயிறு திரிப்போர், படகோட்டிகள், சமையற்காரர் எனப் பலருக்கு இதனால் வேலை கிடைத்தது. பயன்பாடு இழந்த ஊரக மூலதனம் ஒன்று, பெருந்தொழிற்சாலை எதுவுமின்றி, உள்ளூர்ப் பொருள்களையும் உள்ளூர்த் திறனையும் கொண்டே மறுபடியும் வருவாய் ஈட்டியது என்பது வளர்ச்சி நோக்கில் குறிப்பிடத்தக்கது.

மாற்றியமைக்கும் முறை

முதலில் வள்ளத்தின் உடல் கரையேற்றப்பட்டுத் துப்புரவு செய்யப்படுகிறது. நைந்த தையல் புதுப்பிக்கப்படுகிறது. சரக்கு வைக்கும் பள்ளத்தின் மேல் பலகைத் தளம் இடப்படுகிறது. கமுகு, மூங்கில் ஆகியவற்றாலான சட்டத்தின் மீது மூங்கில் பாய்களும் கயிற்றுப் பாய்களும் வளைத்துக் கட்டப்பட்டுக் கூரையாகவும் சுவராகவும் அமைகின்றன. முன்பகுதியில் திறந்த கூடமும் படகோட்டியின் இருக்கையும், நடுவில் ஒன்று முதல் மூன்று வரை படுக்கையறைகளும் கழிப்பறைகளும், பின்பகுதியில் சமையலறையும் இடம்பெறுகின்றன. தொடக்கத்தில் கழியூன்றிச் செலுத்தப்பட்ட படகுகளில் பின்னர் இயந்திரம் பொருத்தப்பட்டது. குளிர்சாதன வசதி வந்தபோது மின்னாக்கியும் சேர்ந்தது. தேவை பெருகியபின், பழைய வள்ளங்களை மாற்றுவதோடு நில்லாமல், படகு இல்லத்திற்கென்றே புதிய உடல்களும் கட்டப்பட்டன. மேல்தளம் கொண்ட படகுகளும் தோன்றின.

எடை எங்கே உள்ளது?

30 டன் சுமக்கும் வள்ளத்திற்குச் சில அறைகள் பெரும் பாரமல்ல என்று கருதுவது இயல்பு. ஆனால் இங்கு எடையின் அளவைக் காட்டிலும் அது இருக்கும் இடமே முக்கியமானது.

நீர்மட்டத்தில் 60 சதுர மீட்டர் பரப்புக் கொண்ட படகு ஒன்றைச் சான்றாகக் கொள்வோம். அதில் 30 டன் ஏற்றினால், படகு ஏறத்தாழ அரை மீட்டர் கூடுதலாக நீரில் அமிழும். அச்சுமை படகின் அடியில் இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். படகும் உறுதியாக நிற்கும். சரக்கை அகற்றிவிட்டால் படகு அரை மீட்டர் மேலெழும். அதன் மீது அறைகளும் கூரையும் மேல்தளமும் அமைத்தால் ஈர்ப்பு மையமும் உயரும். உயரமான சுவர்களின் மீது காற்றும் மோதும். மொத்த எடை குறைந்திருந்தும் கவிழும் வாய்ப்பு கூடுவது இதனால்தான்.

மேலும், மனிதர் என்னும் சுமை அசையும் சுமை ஆகும். 60 கிலோ எடையுள்ள 20 பேர் ஒரு காட்சியைக் காண நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், 1,200 கிலோ எடை ஒரே புறமாக இடம் பெயர்கிறது. அவர்கள் மேல்தளத்தில் நின்றால் படகின் ஈர்ப்பு மையம் முன்னரே உயர்ந்திருக்குமாதலால், அதே நகர்வு படகை இன்னும் மிகுதியாகச் சாய்க்கும். சாய்ந்த படகின் திறந்த பக்கம் நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் உள்ளே நீர் புகும். பின்னர் மீள்வது அரிது.

2023 மே 7 அன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் தானூர் அருகே இரண்டு தளங்கள் கொண்ட சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் உயிரிழந்தனர். அது கெட்டுவள்ளம் அன்று; மீன்பிடிப் படகை மாற்றியமைத்த படகு என்று செய்திகள் வெளிவந்தன. அளவுக்கு மீறிய பயணிகள் ஏற்றப்பட்டதும் தெரிய வந்தது. ஒரு பயனுக்கென்று கட்டப்பட்ட படகை வேறு பயனுக்கு மாற்றும்போது அதன் நிலைத்தன்மையைப் புதிதாகக் கணக்கிட வேண்டுவதன் இன்றியமையாமையை இவ்விபத்து துயரத்தோடு உணர்த்துகிறது.

நெருப்பும் காற்றும்

படகு இல்லத்தின் சுவரும் கூரையும் மூங்கில், கயிறு, பாய் முதலிய எளிதில் தீப்பற்றும் பொருள்களால் ஆனவை. அவற்றிடையே சமையல் எரிவாயு, இயந்திர எரிபொருள், மின்கம்பிகள் ஆகியன அமைகின்றன. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டுச் சமையலறையில் அது கசிந்தால் தரையோடு பரவிக் கதவு வழியே ஓரளவு வெளியேறக்கூடும். படகிலோ அது தளத்தின் கீழுள்ள பள்ளத்தில் இறங்கித் தேங்கும். மூக்கிற்கு வாசனை எட்டாமலேயே அடியில் வாயு நிறைந்திருக்க இயலும். அப்போது இயந்திரத்தின் ஒரு தீப்பொறி போதுமானது.

ஆகவே, எரிவாயு உருளையை அறைக்குள் வையாது, கசிவு நேர்ந்தால் வாயு படகுக்கு வெளியே வழிந்து போகும் வண்ணம் திறந்த தளத்தின் ஓரத்தில் வைத்தல் வேண்டும். தளத்தின் கீழ்ப்பகுதிக்குக் காற்றோட்டம் இருத்தல் வேண்டும். மின்னாக்கியின் புகைபோக்கி படுக்கையறைப் பக்கம் திறத்தலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழவிடாமலேயே கொல்ல வல்லது. குளிர்சாதன அறையின் கதவு சன்னல்கள் அடைபட்டே இருப்பதால் இவ்வாபத்து மிகுதி. ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழிகள் அமைதல் நலம்.

கழிவுநீரும் ஏரியும்

சரக்கு வள்ளத்தில் இல்லாத பெரும் சிக்கல் கழிவுநீர் ஆகும். ஒருவர் நாளொன்றுக்கு 50 லிட்டர் நீர் பயன்படுத்துவதாகக் கொண்டால், எட்டுப் பேர் தங்கும் படகில் 400 லிட்டர் கழிவுநீர் சேரும். இரண்டு நாள் பயணத்திற்கு 800 லிட்டர், அதாவது 0.8 டன் கொள்ளும் தொட்டி தேவை. அத்தொட்டியைப் படகின் அடியில் நடுப்பகுதியில் அமைத்தால் நிலைத்தன்மைக்கும் அது துணை செய்யும். எனினும், பாதி நிறைந்த தொட்டியில் நீர் பக்கத்திற்குப் பக்கம் ஓடிச் சாய்வை அதிகப்படுத்தும் என்பதால் தொட்டிக்குள் தடுப்புகள் வைத்தல் வேண்டும்.

தொட்டி அமைப்பது பாதி வேலையே. அதனை வெறுமையாக்கக் கரையில் நிலையமும், கழிவைத் தூய்மை செய்ய ஆலையும் இருந்தாலன்றி, தொட்டியின் வாய் இரவில் ஏரியில் திறக்கப்படுவதைத் தடுத்தல் அரிது.

வேம்பநாட்டு ஏரியின் இயல்பு இச்சிக்கலை மேலும் கடினமாக்குகிறது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் முதலிய ஆறுகள் இந்நீர்ப்பரப்பை அடைகின்றன. கோடையில் கடலின் உவர்நீர் நெல் வயல்களுக்குள் புகாதிருக்கத் தண்ணீர்முக்கம் என்னுமிடத்தில் தடுப்பணை கட்டப்பட்டு, 1970-களில் செயற்பாட்டிற்கு வந்தது. அதன் கதவுகள் அடைக்கப்படும் மாதங்களில் ஏரியின் தென்பகுதிக்கும் கடலுக்கும் இடையே நீரோட்டம் தடைப்படுகிறது. சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வரும் பருவமும் பெரும்பாலும் அதுவே. கழிவு கூடும் காலத்தில் அதனை அகற்றும் ஓட்டம் குறைகிறது. அதே நீரில்தான் கரையோர மக்கள் குளிக்கின்றனர், பாத்திரம் கழுவுகின்றனர், மீன் பிடித்துப் பிழைக்கின்றனர். ஏரியின் கேட்டினால் முதலில் துன்புறுவோர் ஓரிரவு தங்கிச் செல்லும் பயணிகள் அல்லர், இம்மக்களே ஆவர். வேம்பநாடு-கோள் நீர்நிலை 2002-ஆம் ஆண்டு ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

சட்டமும் நடைமுறையும்

1917-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்திற்கு மாற்றாக 2021-ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. கலங்களின் பதிவு, ஆய்வு, பணியாளரின் தகுதிச் சான்று, மாசுத் தடுப்பு ஆகியவற்றை இது ஒழுங்குபடுத்துகிறது. கேரள அரசின் சுற்றுலாத் துறை படகு இல்லங்களைத் தங்க நட்சத்திரம், வெள்ளி நட்சத்திரம் எனத் தரம் பிரித்தும், சுற்றுச்சூழல் நெறிகளைப் பேணுவனவற்றுக்குப் 'பசும் பனை' என்னும் பொருள் தரும் தனிச்சான்று வழங்கியும் வந்துள்ளது.

சட்டம் காகிதத்தில் நில்லாது பயன் தரவேண்டுமாயின், அனுமதி வழங்கும் அலுவலர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். மாற்றத்திற்குப் பின் படகின் நிலைத்தன்மை மறுபடியும் சோதிக்கப்பட்டதா? தீ மூண்டால் உறங்குவோர் வெளியேற வழி உண்டா? கழிவுத் தொட்டி எங்கே, எவ்வளவு நாளுக்கு ஒரு முறை வெறுமையாக்கப்படுகிறது? அறைகளின் அழகும் உணவின் சுவையும் அதன்பின் நோக்கத் தக்கவை. படகுகளின் எண்ணிக்கையும், உரிமையாளரின் முதலீட்டு விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இராமல், ஏரி தாங்கும் அளவைக் கொண்டு வரையறுக்கப்பட வேண்டும்.

சாலையில் ஓடும் இழுவண்டியைப் பயண வீடாக்குவோருக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். அங்கும் சுமை ஒரு பக்கம் குவிந்தால் வண்டி ஆடும்; மூடிய பெட்டிக்குள் எரிவாயு தேங்கும்; கழிவுநீருக்கு இடம் வேண்டும். பழைய ஊர்திக்குப் புது வாழ்வு தருவது சிக்கனமான, போற்றத்தக்க செயலே. கெட்டுவள்ளத்தால் வேலை பெற்ற குடும்பங்கள் அதற்குச் சான்று பகரும். அவ்வேலை நிலைத்திருக்க வேண்டுமாயின், அதனைத் தாங்கி நிற்கும் நீரும் தூய்மையாக நிலைத்திருத்தல் வேண்டும்.