ஏழு சகோதரிகள் ஓடிய பாதை

முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் என்று நாம் சொல்லும் விண்மீன் கொத்து, ஆஸ்திரேலியப் பாலைநிலத்துப் பழங்குடியினருக்கு ஏழு சகோதரிகள். வாட்டி நியிரு என்ற மாயக்காரன் உருமாறி உருமாறித் துரத்த, பாலை நெடுக ஓடி வானேறியவர்கள். அவர்கள் தங்கிய இடங்களே இன்றைய சுனைகளும் பாறைகளும் குகைகளும். அவற்றை வரிசை பிசகாமல் பாடத் தெரிந்தவருக்குத் தண்ணீர் எங்கே, இரை எங்கே, யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் தெரியும்.

பாடுவோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். அறுந்துபோகும் பாட்டை மீண்டும் கோத்துத் தரச் சொல்லி, 2010 வாக்கில் அப்பழங்குடிகளில் ஒரு பிரிவினரான அனங்கு மக்களின் மூத்தோரே கான்பெரா அறிஞர்களிடம் கேட்டார்கள். 2017 செப்டம்பரில் ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் திறந்த 'சாங்லைன்ஸ்' (பாட்டுவழிகள்) கண்காட்சி அப்படிப் பிறந்தது.

கண்காட்சி வேலையெல்லாம் முடிந்தபின் பழங்குடியினரைக் கூப்பிட்டு, சுவரின் நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதைக் கலந்தாலோசனை என்று சொல்வது அவர்களை அவமதிப்பது. இங்கே கதைக்கு உரியவர்களே கண்காட்சிக் குழுவில் உட்கார்ந்தார்கள்; அருங்காட்சியகத்தின் பழங்குடிக் காட்சிப் பொறுப்பாளர் மார்கோ நீல் தலைமை தாங்கினார். அதனால் அரங்கின் அமைப்பே மாறியது. சகோதரிகள் ஓடிய திசையிலேயே, மார்ட்டு, ஙான்யாட்ஜரா, அனங்கு என்ற மூன்று மக்களின் நிலங்கள் வழியாகப் பார்வையாளர் நடந்தார். ஆளுயரத் திரைகளில் மூத்தோர் எதிர்ப்பட்டு வழிசொன்னார்கள். வாலினிங்கா குகையின் பாறை ஓவியங்கள் ஒரு குவிமாடத்தில் ஒளிர்ந்தன. மல்லாந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும். பாலைப் புல்லால் பெண்கள் முடைந்த ஆளுருவங்களாகச் சகோதரிகளும் அங்கே இருந்தார்கள்.

என்னை மிகவும் ஈர்ப்பது மார்ட்டுப் பெண்கள் 2013-இல் கூடி வரைந்த 'யர்கல்பா' என்ற பெரிய ஓவியம். பார்ங்கூர் ஊரைச் சுற்றியுள்ள வேட்டைக்காடு அது. காட்டைத் திட்டுத்திட்டாக எரித்துப் பேணுவது அவர்கள் வழக்கம். எரிந்து கறுத்த தரை, அதில் வந்த துளிர், முற்றிய புல் எல்லாம் தனித்தனி நிறத்தில் தெரியும். இதைவிடத் துல்லியமான நில வரைபடத்தை எந்த வடிவமைப்பாளரும் அங்கே தொங்கவிட்டிருக்க முடியாது.

காட்டாமல் விட்டதும் அவர்கள் முடிவே. பெண்களுக்கு மட்டும் உரியது, ஆண்களுக்கு மட்டும் உரியது, தீட்சை பெற்றவருக்கே உரியது எனப் பாட்டில் பல அடுக்குகள் உண்டு. எல்லோரும் கேட்கலாம் என்று உரியவர்கள் ஒப்பியதே அரங்கேறியது. பின்னர் கண்காட்சியோடு பெர்லினுக்கும் பாரிசுக்கும் போனதும் அதுவே. அனங்கு மக்களுக்கென்று இதே ஒழுங்கில் 'ஆரா இரிதிட்ஜா' என்ற மின்காப்பகம் இருக்கிறது. அதில் ஆண்களுக்கு உரிய பதிவைப் பெண்களோ, பெண்களுக்கு உரியதை ஆண்களோ திறக்க முடியாது.