கண்ணுக்குள் ஒரு திரை

கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துக்கு உச்சிவேளையிற் சென்றவர்கள் இதனை அனுபவித்திருப்பார்கள். தெருவிலே கண்ணைக் கூசவைக்கும் வெயில். வாயிலைக் கடந்து கருங்கல் மண்டபத்துள் நுழைந்ததும் யாவும் இருளாகத் தோன்றும். தூண் எது, எதிரே நிற்பவர் யார் என்பது தெரியாது. சற்றுப் பொறுத்து நின்றால், விளக்கொளியிலே தூண்கள் ஒவ்வொன்றாய்ப் புலப்படத் தொடங்கும். மண்டபத்தில் வெளிச்சம் கூடவில்லை. மாறியது நமது கண். அம்மாற்றம் பெரும்பாலும் நிகழுமிடம் விழித்திரை. அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

கண்ணின் முன்புறத்தே, கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல, ஒளிபுகும் விழிவெண்படலம் இருக்கிறது. அதன் பின்னே கண்மணி என்னும் துவாரமும், அதற்கப்பால் வில்லையும் உள்ளன. படலமும் வில்லையும் ஒளியைக் குவித்துப் பின்சுவரில் விழச் செய்கின்றன. அச்சுவரின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வே விழித்திரை. அதன் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் காற்பங்கு. எனினும், நுணுக்குக்காட்டியின்கீழ் அதிற் பத்துப் படைகளைக் காணலாம்.

திரை என்றதும் வெள்ளவத்தைச் சவோய் படமாளிகையின் வெண்டிரை நினைவுக்கு வரலாம். அவ்வுவமை பாதித் தூரமே செல்லும். படமாளிகைத் திரை ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு அமைகிறது. விழித்திரையோ ஒளியை ஏற்று, அதனை மின்செய்தியாக்கி, வேண்டியதைத் தெரிந்து மூளைக்கு அனுப்புகிறது.

இவ்வேலைக்கு மூன்று வரிசைக் கலங்கள் உள்ளன. ஒளியை முதலில் உணர்பவை கோல்களும் கூம்புகளும். அவற்றின் செய்தியை இருமுனைக் கலங்கள் பெற்றுத் திரட்டுக் கலங்களிடம் ஒப்படைக்கின்றன. திரட்டுக் கலங்களின் நீண்ட நார்கள் ஒன்றுகூடிப் பார்வை நரம்பாகின்றன. ஒரு கண்ணில் கோல்கள் ஏறத்தாழ 10 கோடி; கூம்புகள் 60 இலட்சம். பார்வை நரம்பின் நார்களோ சுமார் 10 இலட்சமே. ஆகவே, கண்டதெல்லாம் அப்படியே மூளைக்குச் செல்வதில்லை. விழித்திரையிலேயே அது சுருக்கி எழுதப்படுகிறது.

ஒரு விந்தை யாதெனில், கோல்களும் கூம்புகளும் ஒளி வரும் பக்கத்தில் இல்லை. வாயிற் காவலனைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தியதுபோல, மற்றை நரம்புப் படைகளுக்குப் பின்னால் அவை நிற்கின்றன. அவற்றை ஒட்டிப் பின்னே இருக்கும் கரிய நிறப்படை சிதறும் ஒளியை உறிஞ்சி, அவற்றுக்கு ஊட்டமும் அளிக்கிறது. நடுவிலுள்ள மஞ்சட் பொட்டின் குழியில் மாத்திரம் மேற்படைகள் விலகி வழிவிடுகின்றன. அங்கே கூம்புகள் நெருங்கி நிற்கின்றன. நாம் எழுத்தை வாசிப்பதும், ஊசியிலே நூல் கோப்பதும் அச்சிறு குழியினாலேயே.

கூம்புகள் நிறத்தையும் நுட்பத்தையும் காண்பன. அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கோல்கள் மங்கலொளியிலும் காண்பன, நிறம் அறியா. வெயிலிலிருந்து வந்தபின் கோல்கள் முழுவலிமை பெற அரைமணி நேரமளவு ஆகும். வெள்ளவத்தைக் கடற்கரையில் இரவு நின்று மங்கிய விண்மீன் ஒன்றை நேரே நோக்குங்கள், மறைந்துவிடும். சற்று ஓரமாய் நோக்குங்கள், தோன்றும். குழியின் நடுவே கோல்கள் இல்லாமையே காரணம்.

பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் கோலும் இல்லை, கூம்பும் இல்லை. அது குருட்டிடம். ஒரு தாளில் மூன்று அங்குல இடைவெளியில் இரு புள்ளிகளை இட்டு, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடப்புள்ளியையே நோக்குங்கள். தாளைக் கைநீட்டுந் தூரத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவந்தால், ஏறக்குறைய ஓரடியில் வலப்புள்ளி மறைந்துபோகும்.

இனி, நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று. கண்தானத்திற் புகழ்பெற்ற நாடு இலங்கை. டாக்டர் ஹட்சன் சில்வா 1961-ல் நிறுவிய கண்தானச் சங்கத்தின் வாயிலாக, 1964 முதல் பிற நாடுகளுக்கும் கண்கள் சென்றுள்ளன. இதனால், "கெட்ட கண்ணை எடுத்துவிட்டு நல்ல கண் ஒன்றை வைத்துவிடலாம்" என்று எண்ணுவாரும் உளர். மாற்றி வைக்கப்படுவது முன்புறத்து விழிவெண்படலமே. முழுக் கண் அன்று. விழித்திரையோ கருவில் மூளையிலிருந்து அரும்பிய பகுதி. அதன் நரம்பு நார்கள் அறுந்தால் மீண்டும் வளர்ந்து மூளையைச் சேர்வதில்லை. ஆகவே, தானத்தால் அதனைப் பெறமுடியாது, காத்துக்கொள்ளவே வேண்டும்.

நீரிழிவு நோய் விழித்திரையின் நுண்குழாய்களைக் கசியச் செய்கிறது. தொடக்கத்தில் நோவும் இராது, பார்வையும் குன்றாது. எனவே, நீரிழிவுள்ளோர் ஆண்டுக்கொருமுறையாவது விழித்திரையைச் சோதிப்பித்தல் அவசியம். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கண்நோக்கி இதற்கு வழிகாட்டியது. கத்தி வையாமலே உயிருள்ள இரத்தக்குழாய்களை மருத்துவர் நேரே காண வாய்த்த இடம் இதுவே. காலத்தோடு கண்டால், லேசர்க் கதிராலும் ஊசிமருந்தாலும் பார்வையைப் பெரிதும் காக்கலாம்.

மற்றொன்று, விழித்திரை கழன்றுபோதல். திடீரென மின்னல்போன்ற ஒளி, புதிதாய் மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோன்ற நிழல் ஆகியன அதன் அறிகுறிகள். நிறப்படையை விட்டுக் கழன்ற பகுதி ஊட்டமிழக்கிறது. மஞ்சட் பொட்டும் கழன்றுவிட்டால், இழந்த பார்வை முழுதும் மீள்வது அரிது. நோவில்லையே என்று நாளைக்கு ஒத்திப்போடாது, அன்றைக்கே கண் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கோயில் இருளிற் பொறுத்து நின்றால் பார்வை தானே தெளியும். இந்த இருள் பொறுத்திருந்தால் விலகுவதன்று.