எழுப்புமா... ஏமாற்றுமா?

"அஞ்சு மணிக்கு எழுப்பி விடுங்க தம்பி" என்று லாட்ஜ் ரூம் பாயிடம் சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், ஞானிகள். இன்னொரு ரகம், மறுநாள் இன்டர்வியூவைக் கோட்டை விட்டவர்கள். இரண்டிலும் சேராத சாதாரண ஆசாமி நீங்கள் என்றால், கைக்கடக்கமாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது உத்தமம்.

"அதான் செல்போன் இருக்கே சார்?" என்பீர்கள். இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை அதில் சினிமா பார்த்திருப்பீர்கள். பேட்டரி நாலு பர்சென்ட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ரயிலில் சார்ஜ் போடலாம் என்றால், தீ விபத்துக்குப் பயந்து இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்துவது என்று 2021-லேயே ரயில்வே முடிவெடுத்துவிட்டது. லாட்ஜிலோ, இருக்கிற ஒரே பிளக் பாயின்ட் கதவோரம், ஆளுயரத்தில்! செத்துப்போன போன், அலாரம் அடிக்காது.

அடியேன் காமர்ஸ் பட்டதாரி. எதையும் வரவு செலவாகத்தான் பார்ப்பேன். சுமாரான கடிகாரம் ஒன்று ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இது செலவு. எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். சென்னையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறியவர் திண்டுக்கல்லில் இறங்க வேண்டும். விடிவதற்கு முன்பே ஸ்டேஷன் வந்துவிடும். வண்டி நிற்பதோ சில நிமிஷம்தான். தூங்கிவிட்டால் கண் விழிப்பது மதுரையில். அறுபது கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வர வேண்டும். அன்றைக்குத் தேர்வாணையப் பரீட்சை என்றால், ஹால் டிக்கெட்டைக் காட்டி அழுதாலும் லேட்டாக வந்தவரை உள்ளே விடமாட்டார்கள். அடுத்த பரீட்சை வருவதற்குள் சிலருக்கு வயது வரம்பே தாண்டிவிடும். இந்த நஷ்டத்தை எந்த லெட்ஜரில் எழுதுவது?

சரி, கடைக்குப் போவோம். பர்மா பஜாரோ, ரிச்சி தெருவோ, உங்கள் ஊர் வாட்ச் கடையோ, எங்கே போனாலும் ஒன்றை மனதில் வையுங்கள். நீங்கள் வாங்கப் போவது கடிகாரம் அல்ல, அலாரம்!

காரணம் இருக்கிறது. மலிவோ, ஒசத்தியோ, எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது வினாடிக்கு 32,768 முறை துடிக்கிற குவார்ட்ஸ் துண்டுதான். நல்ல நிலையில் இருந்தால் மாசத்துக்கு அரை நிமிஷம் முன்னே பின்னே ஓடும், அவ்வளவுதான். ஆகவே மணி காட்டுவதற்காக அதிகக் காசு கொடுக்காதீர்கள். எழுப்புவதற்குக் கொடுங்கள்.

சத்தம்: கடையிலேயே அடிக்க விட்டுக் கேளுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஒரு துண்டை மேலே போட்டு மூடி, நாலடி தள்ளி நின்று கேளுங்கள். கேட்கவில்லையா, வேறு எடுக்கச் சொல்லுங்கள். முதலில் மெதுவாக ஆரம்பித்துப் போகப் போக வேகம் எடுக்கிற ரகம் நல்லது. எடுத்த எடுப்பிலேயே அலறினால் எழுந்திருப்பது நீங்கள் மட்டுமல்ல, பக்கத்து ரூமும்தான்.

முள்ளா, நம்பரா?: முள் கடிகாரத்துக்கு ராத்திரி, பகல் தெரியாது. சாயங்காலம் நாலரை மணிக்கே 'நாளைக்குக் காலை அஞ்சு' என்று வைத்து சுவிட்சைப் போட்டால், அரை மணி நேரத்தில் கத்திவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடும். படுக்கப் போகும்போதுதான் சுவிட்ச் போட வேண்டும். அலாரம் முள் அஞ்சு, பத்து நிமிஷம் தள்ளி அடிப்பதும் உண்டு. முள்ளைத் திருப்பி இரண்டு மூன்று தடவை அடிக்க விட்டு, எங்கே அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் தெரிய ரேடியம் முள் இருந்தால் விசேஷம்.

டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை; வேறு தொல்லை. ஏ.எம்., பி.எம். மாறினால் தொலைந்தோம்! 24 மணிக் கணக்கில் காட்டும் வசதி இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். 05.00 என்றால் விடியற்காலை, 17.00 என்றால் சாயங்காலம். குழப்பமே கிடையாது.

செல்: பட்டன் செல் போடுகிற மாடல் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தீர்ந்துபோனால் ராத்திரி பத்து மணிக்கு எங்கே போய்த் தேடுவீர்கள்? பென் டார்ச் செல் என்றால் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். இன்னொரு முக்கிய சமாசாரம். 'கடிகாரம் ஓடுதே, செல் நல்லாத்தான் இருக்கு' என்று நம்பாதீர்கள். முள் ஓடுவதற்குத் துளி மின்சாரம் போதும். கத்துவதற்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். சாகக் கிடக்கிற செல்லில் முள் ஜோராக ஓடும். அலாரம் மட்டும் முனகும். அதனால் முக்கியமான பயணத்துக்குப் புது செல். டி.வி. ரிமோட்டிலிருந்து பிடுங்கியது வேண்டாம். ஊர் திரும்பியதும் செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து கம்பியை அரித்துவிடும்.

சுவிட்ச்: கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொள சுவிட்ச் பைக்குள் சட்டை உரசினாலே நகர்ந்துவிடும். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் உங்கள் பை 'பீப் பீப்' என்று கத்த, சுற்றி நிற்கிறவர்கள் நாலு திசையிலும் ஓட, போலீஸ்காரர் மட்டும் உங்களை நோக்கி வருவார். மூடி போட்ட மாடல் கிடைத்தால் இந்த வம்பு குறைவு.

வாங்கியதை நேராகப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் இரண்டு நாள் ஒத்திகை பாருங்கள். லாட்ஜில் கை எட்டாத தூரத்தில் வையுங்கள். எழுந்து போய்த்தான் அணைக்க வேண்டும். ரயிலில் மட்டும் காதோரம் வைத்துக்கொண்டு, முதல் சத்தத்திலேயே அணைத்துவிடுங்கள். அப்படியும் எதிர் பெர்த் பெரியவர் விழித்துக்கொண்டு முறைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷனும் அதுவாகவே இருக்கலாம்!