ஆகாய விமானத்தில் ஓர் அங்குலம்

டில்லியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் விமானம் மும்பையை அடைந்துவிடுகிறது. ஆயினும் சாதாரண வகுப்புப் பிரயாணிக்கு அந்நேரமும் நீண்டதாகவே தோன்றுகிறது. காலை நீட்ட இடமில்லாமையே அதற்குக் காரணம்.

ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரமே இருக்கை இடைவெளி எனப்படும். குறுகிய தூர விமானங்களில் இது பெரும்பாலும் 28 முதல் 31 அங்குலம் வரையாகும். இதில் ஓர் அங்குலம் அற்பமன்று. 30 வரிசைகளில் 30 அங்குல இடைவெளியை 29 ஆகக் குறைத்தால் 30 அங்குலம் மிஞ்சும். அதில் மேலும் ஒரு வரிசை, அதாவது ஆறு இருக்கைகள், அமைக்கலாம். செலவைப் பலர் பகிர்வதால் கட்டணம் குறைய வழியுண்டு. ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் அளவுகோல் கொண்டு செய்து காட்டலாம்.

நெருக்கத்திற்கு எல்லையும் உண்டு. ஆபத்துக் காலத்தில், பாதி வாயில்களின் வழியே மட்டும், 90 விநாடிகளில் அனைவரும் வெளியேற இயலவேண்டும் என்பது பெரிய விமானங்களுக்குரிய விதி. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் பிரயாணத்தில் அசையாது அமர்ந்திருந்தால், கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-இல் அறிவித்தது. இடையிடையே எழுந்து நடப்பதும், கணுக்காலை அசைப்பதும் நன்று.

2024 நவம்பரில் இண்டிகோ நிறுவனம் டில்லி–மும்பை மார்க்கத்தில் 38 அங்குல இடைவெளியுள்ள 12 இருக்கைகளை உயர்ந்த கட்டணத்தில் அறிமுகப்படுத்தியது. மெல்லிய முதுகுடைய இருக்கைகள் ஏனையோருக்கும் சிறிது இடம் மீட்டுத் தரலாம். எனினும் மலிவான இருக்கையிலும் எந்த அளவுக்குக் கீழே குறைத்தல் ஆகாது என்பதே இனித் தீர்மானிக்க வேண்டிய வினாவாகும்.